தெர்சா பெக்கமின் பத்திரம்

ஒஹாயோவில் எங்கள் டில்சன் துறையில் தெர்சா பெக்கமுக்கு நாற்பது ஏக்கர் நிலம் இருந்தது. புருஷனை ஆறு கொண்டுபோன மறு வருஷம், அவனுடைய உழவுமாடுகளை விற்று அவளே தன் பெயரில் வாங்கியது. நிலத்தை விற்ற பெரியவர் இரண்டு சாட்சிகள் முன்னால் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பத்திரத்தை, மெழுகுத் துணியில் சுற்றி மாவுப் பீப்பாய்க்குள் வைத்திருந்தாள். அதைப் பதிவு செய்யவில்லை. பதிவு ஆபீஸ் அக்கரையில், பன்னிரண்டு மைல் தள்ளி இருந்தது. புருஷன் செத்த ஆற்றை அவள் கண்ணால்கூடப் பார்க்க மாட்டாள்.

"காயிதம் எங்கிட்ட பத்திரமா இருக்குல்ல? இனி யாரு வந்து என்ன கேக்கப்போறா?" என்பாள். பக்கத்து நிலத்துக்காரியான நானும் தலையாட்டினேன். எனக்கு மட்டும் சட்டமா தெரியும்?

பெரியவர் செத்த மறு வசந்தம். ஒருநாள் காலையில் தெர்சா அக்கா மூச்சிரைக்க என் வாசலில் வந்து நின்றாள். முகத்தில் ரத்தமே இல்லை. சோளக்கொல்லையில் போன வருஷத்துத் தட்டைகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தவளுக்குக் கோடாலிச் சத்தம் கேட்டிருக்கிறது. தட்டைகளுக்கு நடுவே குனிந்து போய்ப் பார்த்தால், மூலையில் எல்லைக் குறி வெட்டிய வெள்ளை ஓக் மரத்தை இரண்டு பேர் வெட்டிக்கொண்டிருந்தார்கள். இருவரும் மாவு மில் முதலாளி லெமுவேல் ஸ்டாடரின் ஆட்கள். ஓடைக்கரைக்காக அவனுக்கு அந்த நிலத்தின்மேல் ரொம்ப நாளாகவே கண்.

"பெரியவரோட மருமகன் இதே நிலத்த ஸ்டாடருக்கு வித்துட்டானாம்டி. நாளைக்குக் காலையில போய்ப் பதியப்போறானாம். பொம்பள என்ன பண்ணுவான்னு சொல்லிச் சிரிக்கிறானுங்க. மூச்சு விடக்கூடப் பயந்துட்டு உக்காந்திருந்தேன்."

"பாத்துட்டானுங்களா உன்ன?"

"தெரியலையே! ஒருத்தன் திரும்பிப் பாத்த மாதிரி இருந்துச்சு."

யார் முதலில் பதிகிறார்களோ அவர்களுக்குத்தான் நிலம் என்று ஊரில் பேச்சு. நான் அவளை உலுக்கினேன். "அக்கா, இன்னைக்கே போ."

"ஆத்தத் தாண்டணுமே" என்றாள்.

பத்திரத்தை மெழுகுத் துணியோடு உள்பாவாடையில் வைத்துத் தைத்துக்கொண்டோம். துறை வரை நானும் கூடப் போனேன். பனி உருகிய வெள்ளம். வேரோடு மரங்கள் மிதந்து வந்தன. ஓடக்காரர் ஈனஸ் கயிற்றை அவிழ்க்க மறுத்தார்.

"தண்ணியப் பாத்தியாம்மா? ஒங்க வீட்டுல ஒருத்தரு போனது போதாதா?"

அக்கா ஓடத்தில் ஏறி, நடுவில் உட்கார்ந்து, பலகையை இரண்டு கைகளாலும் பற்றிக் கண்ணை மூடிக்கொண்டாள். ஈனஸ் என்னைப் பார்த்தார். பிறகு முணுமுணுத்துக்கொண்டே கயிற்றை அவிழ்த்தார். பாதி ஆற்றில் ஒரு மரம் மோதி ஓடம் சாய்ந்தபோது, அவள் போட்ட அலறல் கரையில் நின்ற எனக்குக் கேட்டது. எப்படியோ ஓடம் அக்கரை சேர்ந்தது.

மீதி அவள் சொல்லித்தான் தெரியும். நனைந்த உடையோடு காட்டுப் பாதையில் ஓட்டமும் நடையுமாகப் போயிருக்கிறாள். பின்னால் குளம்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் புதரில் பதுங்கியிருக்கிறாள். ஒருமுறை வந்தது தபால்காரன். இன்னொரு முறை யாரென்று பார்க்கக்கூடத் தைரியம் வரவில்லை. குமாஸ்தா கதவைப் பூட்டும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தாள்.

அவர் பத்திரத்தை விரித்து வெகுநேரம் படித்தார். அக்காவுக்கு எழுத்துத் தெரியாது. அதில் வேறு ஏதாவது எழுதியிருந்தால்? இவரும் ஸ்டாடரின் ஆளாக இருந்தால்?

"வடக்கு மூலையில வெள்ளை ஓக் மரம்னு இருக்கே. நிக்குதா?"

"இன்னைக்குக் காலையில வெட்டிட்டாங்கய்யா" என்று அழுதுவிட்டாள்.

"அழாதீங்கம்மா. இதுல எழுதியிருக்கிறபடிதான் நான் பதிவேன்" என்று பேனாவை மையில் தோய்த்தார். நாள், மணி எல்லாம் குறித்து, அவள் பெயர் இருந்த இடத்தில் அவள் விரலை வைத்துக் காட்டினார்.

மறுநாள் ஸ்டாடர் போனபோது பதிவுப் புத்தகத்தில் அவனுக்கு இடமில்லை. திரும்பி வந்தவன் அவள் வேலியோரம் குதிரையை நிறுத்தினான்.

"முந்திக்கிட்டியா? தனியாத்தான இருக்க, பாத்துக்கலாம்."

அவன் ஒன்றும் செய்யவில்லை. நிலம் அளப்பவர் வந்து, ஓக் மரத்தின் அடிக்கட்டை இருந்த இடத்திலேயே எல்லைக்கல் நட்டுக் கொடுத்தார். ஆனால் அக்காவைப் பயமுறுத்த அந்த ஒரு வார்த்தை போதுமானதாக இருந்தது. அக்கா கதவுக்கு இரண்டாவது தாழ்ப்பாள் போட்டாள். தினமும் விடிந்ததும் போய்க் கல்லைத் தொட்டுப் பார்த்தாள். ஆற்றில் கண்ணை மூடிக்கொண்டு, வருஷத்துக்கு ஒருமுறை பதிவு ஆபீஸுக்குப் போய், "என் பேரு அப்படியே இருக்கான்னு பாருங்கய்யா" என்று கேட்பாள்.

இருபத்தாறு வருஷம், சாகும் வரை, அந்த நிலத்தில் அவள்தான் விதைத்தாள். ஸ்டாடர் அவளுக்கு முன்பே செத்துப்போனான். அந்தச் சேதியை நான்தான் கொண்டுபோய்ச் சொன்னேன். அவள் சன்னல் வழியே பாதையைப் பார்த்துவிட்டு, "நெசமாவா? நீ பாத்தியா?" என்று கேட்டாள்.