விஷமம் உண்டு

எங்கள் பள்ளியில் என் வகுப்புப் பிள்ளைகள் ஜூன் மாதத்தின் இரண்டாவது திங்கட்கிழமைக்குப் பிறகு அழமாட்டார்கள். பெருமைக்காகத்தான் சொல்கிறேன், வேறு எதற்கு. பக்கத்து டிவிஷனில் ஜூலை பிறந்த பிறகும் ஒரு குரலாவது ஓங்கிக் கேட்கும். என் ஒன்றாம் வகுப்பில் அதற்குள் குடைகள் வராந்தா வாளிக்கும், செருப்புகள் சுவரோரத்துக்கும், பைகள் அவரவர் கொக்கிக்கும் போய்ச் சேர்ந்திருக்கும். கொக்கிக்கு மேலே நான் பெயர் எழுதுவதில்லை. படிக்கத் தெரியாத பிள்ளைக்குப் பெயர் எழுதி என்ன பயன்? ஆளுக்கு ஒரு படம். பலாப்பழம், ஆட்டோ, தவளை என்று அவரவர் கேட்டதை நானே வரைந்து ஒட்டுவேன். என் ஓவியம் சுமார்தான், அதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

பிள்ளைகளைவிடப் பெற்றவர்களைப் பழக்குவதுதான் பெரிய பாடு. திருவனந்தபுரத்தில் ஜூன் முதல் நாள் எல்லாப் பள்ளியிலும் பலூன் கட்டி, காகிதத் தொப்பி மாட்டி, பாயசம் கொடுத்துத் திருவிழாவாகப் புதுப் பிள்ளைகளை வரவேற்பார்கள். மறுநாள் பலூன் சுருங்கிவிடும், மழை பிடித்துக்கொள்ளும், அம்மாக்கள் ஜன்னல் கம்பியை விடமாட்டார்கள். உள்ளே பிள்ளை அழ, வெளியே அம்மா அழ, நடுவில் நான். அதற்காகச் சில சட்டங்கள் வைத்திருக்கிறேன். முதல் இரண்டு நாள் வகுப்பு வாசல் வரை வரலாம். அடுத்த இரண்டு நாள் வராந்தாப் படி வரை. அதற்குப் பிறகு பள்ளி கேட்டோடு சரி. பிள்ளை அந்தப் பக்கம் பார்க்கும்போது நழுவி ஓடக் கூடாது. 'போயிட்டு வரேன்' என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும், சொன்ன பிறகு திரும்பிப் பார்க்கக் கூடாது. தண்ணீர் பாட்டில் மூடியைத் திறக்க வீட்டிலேயே பழக்கிவிட வேண்டும். ஒரு வருடம் ஓர் அப்பா, எங்கேயோ பெரிய அதிகாரியாம், இரண்டு வாரம் ஆகியும் படியேறி வந்து நின்றார். "சார், பிள்ளை செட்டில் ஆயாச்சு. நீங்க எப்ப ஆகப்போறேள்?" என்று கேட்டேன். மறுநாளிலிருந்து அவர் கேட்டைத் தாண்டவில்லை.

தமிழ்க் குடும்பம் எது வந்தாலும் தலைமை ஆசிரியை என்னிடம்தான் அனுப்புவார். "தமிழ் ஆளுகளாணு டீச்சரே, நிங்ஙள் நோக்கிக்கோ" என்பார். நான் இந்த ஊர்க் கோட்டைக்குள் அக்ரகாரத் தெருவில் பிறந்தவள். வீட்டுக்குள் தமிழ், தெருமுனை தாண்டினால் மலையாளம். இரண்டிலும் எனக்கு நாக்கு இடறாது என்று சொல்லிக்கொண்டு திரிந்தவள். பிள்ளைகளோடு வீட்டுக்குப் போகும் சின்ன டைரியில் மற்றவர்களுக்கு மலையாளத்தில் எழுதுவேன், தமிழ் வீடுகளுக்குத் தமிழில். இந்த வசதி வேறு எந்த வகுப்பிலும் கிடையாது.

சில வருடங்களுக்கு முன்பு ஒரு ஜூனில் திருநெல்வேலியிலிருந்து ஒரு சிறுமி வந்து சேர்ந்தாள். அப்பாவுக்கு விழிஞ்ஞம் துறைமுகத்தில் கிரேன் மெக்கானிக் வேலை. அம்மாவுக்கு ஊரின் வடகோடியில், கழக்கூட்டத்தில் ஓர் ஆபீசில் அப்போதுதான் வேலை கிடைத்திருந்தது. காலையில் அம்மா கொண்டுவிட்டு ஒன்பதரை பஸ்ஸுக்கு ஓடுவார். காலை ஷிஃப்ட் முடித்துவிட்டு அப்பா வந்து கூட்டிப் போவார். கொக்கிக்கு என்ன படம் வேண்டும் என்று கேட்டதும் "கிரேன்" என்றாள். நான் வரைந்தது ஒட்டகச்சிவிங்கி போல வந்தது. பக்கத்தில் நின்ற பிள்ளை "ஜிராஃப்" என்று கூவ, இவளுக்கு மூக்கு விடைத்தது. ஆனாலும் பையைக் கொண்டுபோய் அதன் கீழே மாட்டினாள்.

மூன்றாம் நாள்தான் அழுகை தொடங்கியது. அது வழக்கம்தான். முதல் இரண்டு நாள் வேடிக்கை பார்த்துவிட்டு, இது தினமும் நடக்கப்போகிற காரியம் என்று தெரிந்ததும் அழுகிற பிள்ளைகள் வருடத்துக்கு நாலைந்து பேராவது உண்டு. நான் டைரியை எடுத்து எழுதினேன்: 'இன்று கொஞ்சம் விஷமம் இருந்தது. வீட்டில் பேசுங்கள்.' சாயங்காலம் அப்பா வந்து "எப்படி இருந்தா டீச்சர்?" என்று கேட்டதற்கும் "கொஞ்சம் விஷமம் உண்டு, போகப்போக சரியாகும்" என்றேன். அவர் முகம் வாடியது. பாசக்கார அப்பா என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "டீச்சர், அடுத்த வெள்ளிக்கிழமை வரைக்கும் பாப்பேன். அதுக்குள்ள சரிவரலன்னா எங்க அக்கா வீட்ல கொண்டுபோய் விட்டுருவேன். அங்க பள்ளிக்கூடம் பக்கம், அவ பிள்ளைகளும் போகுது. நான் இந்த வேலைய விட முடியாது டீச்சர்" என்றார். ஆறு வயதுப் பிள்ளை அம்மா அப்பாவை விட்டுவிட்டு வேறு ஊரில் வளர்வதா என்று எனக்குச் சுருக்கென்றது. வெளியே காட்டிக்கொள்ளாமல், "வெள்ளிக்கிழமை வரைக்கும் எதுக்கு? எனக்குத் திங்கக்கிழமையே போறும்" என்றேன். அவ்வளவு திமிர்.

திங்கட்கிழமை வந்து போயிற்று. மற்றவர்கள் அழுகையை விட்டுவிட்டுத் தவளையும் ஆட்டோவுமாக வரிசையில் நின்றார்கள். இவள் மட்டும் நாளுக்கு நாள் மோசமானாள். சத்தம் போட்டு அழுதவள் சத்தமில்லாமல் அழ ஆரம்பித்தாள். டைரியை நீட்டினால் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டாள். ஒருநாள் டைரி குடை வாளிக்குள் கிடந்தது. நான் அதைத் துடைத்து, காயவைத்து, அன்றைய வரியையும் எழுதித்தான் அனுப்பினேன். 'இன்றும் விஷமம் உண்டு. மதியம் சரியாகச் சாப்பிடவில்லை.' இன்னொரு நாள், 'விஷமம் குறையவில்லை. நீங்களும் கொஞ்சம் கவனிக்க வேண்டும்.' எனக்கு அந்தக் குடும்பத்தின் மேல் எரிச்சலாக இருந்தது. நான் இங்கே இவ்வளவு படும்போது வீட்டில் ஒரு வார்த்தை ஆறுதல் சொன்னால் என்ன?

அந்த வெள்ளிக்கிழமை மதியம் சோறும் பயறும் அவள் தட்டில் அப்படியே இருந்தன. பக்கத்தில் குட்டி பெஞ்சில் உட்கார்ந்து, "என்ன குழந்தே, வயறு வலிக்கறதா?" என்று கேட்டேன். இல்லை என்று தலையை ஆட்டினாள். பிறகு தட்டைப் பார்த்தபடியே சொன்னாள்.

"டீச்சர், இன்னைக்கு டைரில எழுதாதீங்க."

"ஏன்?"

"நான் வெசமமே பண்ணல டீச்சர்."

பண்ணல. அந்தச் சொல்லில்தான் எனக்கு உறைத்தது. எங்கள் விஷமம் யாரும் பண்ணுகிற காரியமே இல்லை. அது வரும், இருக்கும், போகும். மலையாளத்தில் விஷமம் என்றால் வருத்தம், மனக்கஷ்டம். எங்கள் தெருத் தமிழிலும் அதற்கு அதே அர்த்தம்தான், தினமும் நாலு தடவை சொல்வோம். பிள்ளைகள் செய்கிற குறும்புக்கு எங்கள் வீட்டில் 'விக்ருதி' என்று பெயர். ஆனால் திருநெல்வேலியில், அந்தப் பக்கத் தமிழ்நாடு முழுக்க, விஷமம் என்றால் சேட்டை. எனக்குத் தெரியாததும் இல்லை. டிவியில் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். எழுதுகிற கைக்கு மட்டும் அது ஞாபகம் வரவில்லை.

அம்மாவைத் தேடி அழுத பிள்ளையைச் சேட்டைக்காரி என்று அந்த அம்மாவுக்கே நான் தினமும் எழுதி அனுப்பிக்கொண்டிருந்தேன்.

"வீட்ல என்ன சொன்னா?" என்று கேட்டேன்.

"அம்மா அடிச்சா. அப்பா என்கூட பேசவே மாட்டுக்காவ."

உண்மையைச் சொல்ல வேண்டும், எனக்கு முதலில் அம்மா மேல்தான் கோபம் வந்தது. விசாரிக்காமல் கை நீட்டுகிறவள் என்ன பெண் என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே டைரியைப் புரட்டினேன். எட்டு வரிகள் இருந்தன. எட்டும் என் கையெழுத்து, ஒரு அடித்தல் திருத்தல் கிடையாது. கடைசியில் 'நீங்களும் கொஞ்சம் கவனிக்க வேண்டும்' என்று வேறு. அவமானத்தில் எனக்குக் காது சுட்டது.

அன்று சாயங்காலம் அப்பாவுக்குப் பதில் அம்மாவே வந்தார். கையில் டிசி கேட்டு எழுதிய விண்ணப்பம். "தலைமை டீச்சர்ட்ட குடுக்கதுக்கு முந்தி உங்ககிட்ட சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன். உங்களுக்கும் ரொம்பத் தொந்தரவு குடுத்துட்டா" என்றார்.

"அவ எனக்கு ஒரு தொந்தரவும் குடுக்கலை. உக்காருங்கோ" என்று சொல்லி, டைரியைத் திறந்துவைத்து விஷயத்தைச் சொன்னேன். எங்கள் ஊரில் அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று சொன்னேன். நான் எழுதியதெல்லாம் பிள்ளைக்கு மனசு சரியில்லை என்றுதான் என்று சொன்னேன். அவர் ஒவ்வொரு வரியாக மறுபடி படித்தார்.

"நீங்கதான எழுதியிருந்திய, நான் கவனிக்கணும்னு" என்றார்.

"நான்தான். தப்பு என்னோடதுதான்."

"நான் அவள அடிச்சுட்டேன் டீச்சர். அம்மாவத் தேடி அழுத பிள்ளைய நான் அடிச்சுட்டேன்" என்று அந்தக் குட்டி பெஞ்சிலேயே முகத்தைப் பொத்திக்கொண்டார்.

சிறுமி கொக்கியின் கீழே பையோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவளைக் கூப்பிட்டேன். "டீச்சர் தப்பா எழுதிட்டேன். நீ ஒரு சேட்டையும் பண்ணலை. உங்கம்மா நான் எழுதினதை நம்பிட்டா" என்றேன். அவள் அம்மாவைப் பார்த்தாள், பிறகு டைரியைப் பார்த்தாள்.

"அழிச்சிருவீங்களா?"

பேனாவில் எழுதியது, எப்படி அழிக்க? சிவப்புப் பென்சிலை அவள் கையில் கொடுத்தேன். எட்டு வரியையும் தேடித் தேடி, தாள் கிழிகிற மாதிரி அழுத்தி அடித்தாள். அம்மா ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிக் கொடுத்தார். விண்ணப்பத்தை நான் வாங்கி மேஜை டிராயரில் போட்டு, "இன்னும் ஒரே ஒரு வாரம் தாங்கோ" என்றேன். இந்தத் தடவை திமிரெல்லாம் இல்லை, கெஞ்சித்தான் கேட்டேன்.

அடுத்த வாரம் என் சட்டத்தை நானே மீறினேன். எல்லாரும் கேட்டில் நிற்க, இந்த அம்மாவை மட்டும் மறுபடி வாசலிலிருந்து தொடங்கச் சொன்னேன். அவர் ஆபீசில் அனுமதி கேட்டு அரை மணி தாமதமாகப் போனார். சாயங்காலம் அப்பா வந்து அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தார். திங்கட்கிழமை வாசலில் கொஞ்சம் அழுதாள். செவ்வாய்க்கிழமை சோறு முழுதும் சாப்பிட்டாள். வியாழக்கிழமை அம்மாவைக் கேட்டிலேயே நிறுத்தியது அவள்தான்.

வெள்ளிக்கிழமை காலையில், தாள் தீர்ந்துபோய் அவள் வந்து கேட்டபோது, டிராயரில் இருந்த விண்ணப்பத்தைத் திருப்பிப் பின்பக்கத்தைக் கொடுத்தேன். உட்கார்ந்து ஒரு கிரேன் வரைந்து கொண்டுவந்தாள். "டீச்சர், இப்படித்தான் இருக்கும். இதுக்குக் கழுத்து கிடையாது" என்று விளக்கினாள். என் ஒட்டகச்சிவிங்கியைக் கழற்றிவிட்டு அதை ஒட்டினேன். அடுத்த திங்கட்கிழமை அம்மா கேட்டருகே என்னைப் பார்த்ததும், "டீச்சர், அந்த அப்ளிகேஷன்?" என்று கேட்டார். "வந்து பாருங்கோ" என்று கூட்டிப் போய்க் கொக்கியைக் காட்டினேன். தாளின் ஓரத்தைத் தூக்கிப் பின்னால் தன் கையெழுத்தைப் பார்த்தார். பிறகு "போயிட்டு வாரேன்" என்று மகளின் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு, என் சட்டப்படியே திரும்பிப் பார்க்காமல் பஸ்ஸுக்குப் போனார்.

அதற்குப் பிறகு அந்த அம்மா என் தமிழைத் திருத்த ஆரம்பித்தார். 'வெள்ளம் குடிக்க மறந்துவிட்டாள்' என்று எழுதி அனுப்பினால், வெள்ளத்தை அடித்து மேலே 'தண்ணீர்' என்று போட்டுத் திரும்பி வரும். இத்தனை வருடச் சர்வீஸில் என் நோட்டில் யாரும் கைவைத்ததில்லை. வாயை மூடிக்கொண்டு கற்றுக்கொண்டேன்.

மறு வருடம் ஜூனில் அவள் இரண்டாம் வகுப்பு. பழக்கதோஷத்தில் தினமும் காலையில் என் வகுப்பை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் தன் வகுப்புக்குப் போவாள். மூன்றாம் நாள், தஞ்சாவூரிலிருந்து வந்த ஒரு பையன் வாசலில் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு அழுதான். நாலு பக்கமும் என்னைக் கூப்பிடுகிறார்கள், தலைமை ஆசிரியை வேறு பக்கத்தில் நிற்கிறார். அவசரத்தில் என் நாக்கு மறுபடி பழைய குணத்தைக் காட்டியது. "குழந்தைக்குக் கொஞ்சம் விஷமம் உண்டு, சரியாயிடும்" என்று அந்த அம்மாவிடம் சொல்லிவிட்டேன்.

அந்த அம்மா குனிந்து மகனை முறைத்தார். அதற்குள் என் இடுப்பு உயரத்துக்கு ஒரு குரல் கேட்டது.

"ஆன்ட்டி, டீச்சர் அவன் அழுதான்னுதான் சொல்லுதாங்க. சேட்டை பண்ணுதான்னு இல்ல. வீட்ல அடிச்சிராதீங்க."

சொல்லிவிட்டு அவன் பையை வாங்கிக்கொண்டு, எந்தக் கொக்கி வேண்டும் என்று கேட்டபடி உள்ளே கூட்டிப் போனாள். எந்த வகுப்புப் பிள்ளை என்று தெரியாமல் தலைமை ஆசிரியை என்னைப் பார்த்து, "இது ஏது குட்டியா டீச்சரே?" என்று கேட்டார்.

"என்னோட குட்டிதான்" என்றேன்.