சந்தனம் வைத்த கொக்கி

உறையூர் ராசப்பனைப் பற்றி ராசப்பன் பேசக் கேட்டால், திருச்சி ஜில்லாவில் மரங்கள் வளர்வதே அவர் ஏறுவதற்குத்தான் என்று தோன்றும். தென்னையோ புளியோ, கைலியை மடித்துக் கட்டி இடுப்பில் அரிவாளைச் செருகினால் தீர்ந்தது. யாராவது பாவம் பார்த்து, கயிறு கட்டிக்கக் கூடாதா என்று கேட்டுவிட்டால் போதும். "கயிறு மாட்டுக்குங்க, மனுஷனுக்கு எதுக்கு?" என்று பதில் வரும். டீக்கடையில் இதற்கு எப்போதும் சிரிப்பு கிடைக்கும். அந்தச் சிரிப்புக்காகவே இன்னும் இரண்டு அடி உயரம் ஏறக்கூடிய ஆள்.

அப்பேர்ப்பட்ட வீரர் போன சித்திரையில் காட்டூரில் ஒரு வீட்டு மரத்திலிருந்து விழுந்தார். ஆலமரமா, அரசமரமா? முருங்கை! ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகூட நம்பிக் கால் வைக்காத முருங்கை. தோள் எலும்பு முறிந்து, கட்டுப் போட்டுக்கொண்டு டீக்கடைக்குப் போனவர், வண்டி மணலில் சறுக்கிவிட்டது என்றார். முருங்கை என்று சொல்வதற்கு இன்னொரு எலும்பை முறித்துக்கொள்வது மேல் என்பது அவர் கட்சி.

வீட்டில் அந்தக் கதை எடுபடவில்லை. அவர் மனைவி சந்திரம்மாள் அதிகம் பேச மாட்டாள். அதனாலேயே அவள் பேசினால் ராசப்பன் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பார். கட்டுப் பிரித்த அன்று சொன்னாள்: "இனிமே கயிறு இல்லாம ஏறினீங்கன்னா நான் மருங்காபுரிக்கு எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிடுவேன். அடுத்த தடவை விழுந்தா ஆஸ்பத்திரிக்குத் துணைக்கு உங்க மரத்தையே கூப்பிட்டுக்குங்க."

மறுநாளே ராசப்பன் காந்தி மார்க்கெட் பக்கம் அப்துல் சலாம் கடையில் நின்றார். கயிறு, சங்கிலி, கொக்கி விற்கிற கடை. சலாம் பாய் ஒரு நீளக் கயிற்றை எடுத்துப் போட்டு விளக்கினார். "ஒரு நுனி உங்க இடுப்பு பெல்ட்டுல. மறு நுனியில கொக்கி. தலைக்கு மேல இருக்கிற கிளையைத் தாண்டி வீசுங்க, அந்தப் பக்கமா இறங்கி வரும். புடிச்சு பெல்ட்டு வளையத்துல மாட்டுங்க. டக்குனு வாய் பூட்டிக்கும். நடுவுல இருக்கிற முடிச்சை நகத்தினா கயிறு இறுகும். கால் வழுக்கினாலும் தொங்குவீங்களே தவிர, தரைக்கு வர மாட்டீங்க."

"இவ்வளவு நீளமா? என்ன பாய், தேர் இழுக்கவா?"

"சின்ன மரத்துக்குச் சின்னது இருக்குங்க. உங்களைப் பார்த்தா பெரிய மரம் ஏறுறவர் மாதிரி தெரிஞ்சுது."

ராசப்பனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. நீளத்தையே வாங்கிக்கொண்டு வந்தார்.

வாங்கிவந்த கயிறு மரத்துக்குப் போனதா என்றால், இல்லை. தோள் இன்னும் வலிக்கிறது என்று சாக்குச் சொல்லிக்கொண்டு, சாமி படத்துக்குக் கீழே ஆணியில் மாட்டிவிட்டார். மாதக்கணக்கில் அங்கேயே தவம் கிடந்தது. ஆயுத பூஜை வந்தது. அரிவாளுக்குச் சந்தனம், ரம்பத்துக்குச் சந்தனம், டி.வி.எஸ். வண்டிக்கு, மிக்ஸிக்கு, டி.வி. ரிமோட்டுக்குக்கூடச் சந்தனம். கொக்கி வீட்டுக்குப் புது ஆள் அல்லவா, அதற்கு விசேஷக் கவனிப்பு. பன்னீர் விட்டுக் குழைத்த சந்தனத்தை அதன் வாயிலும் கீலிலும் கட்டைவிரலால் அழுத்தி அப்பி, மேலே குங்குமம் வைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். சாமிக்கு வைத்ததைத் துடைக்கக் கூடாது, அதுவாக உதிர வேண்டும் என்பது அவர் சாஸ்திரம். விடிவதற்குள் அது சிமெண்டாக இறுகியிருந்தது.

மறுநாள் விஜயதசமி. ஆயுதத்தைக் கையில் எடுக்க நல்ல நாள். ஸ்ரீரங்கத்தில், கொள்ளிடக்கரைப் பக்கம் பீமராவ் வீட்டு மாமரத்தில் வேலை. கிளை ஒன்று மொட்டைமாடியில் சாய்ந்திருந்தது. அது வழியாகக் குரங்குகள் வந்து தண்ணீர்த் தொட்டி மூடியைத் திறந்து குளித்துவிட்டுப் போகின்றன என்பது பீமராவின் புகார். சந்திரம்மாளும் கூடவே வந்திருந்தாள்.

"நீ எதுக்கு?"

"டக்குனு சத்தம் கேட்கணும். கேட்டப்புறம் நீங்க பாட்டுக்கு வெட்டுங்க."

ராசப்பன் ஏறினார். ராத்திரி பெய்த மழையில் பட்டை ஊறிக் கிடந்தது. தாங்கலான கிளை ஒன்றில் நின்று கொக்கியை வீசினார். முதல் வீச்சு இலைக்குள் போய்ச் சிக்கியது. அடுத்தது தாண்டி இறங்கி வந்தது. பிடித்து வளையத்தில் மாட்டப் போனால், வாய் திறக்கவில்லை! கட்டைவிரலால் அழுத்தினார். பல்லால் கடித்தார். சந்தனம் மணந்தது, அவ்வளவுதான்.

கீழே பீமராவும் அக்கம்பக்கத்தாரும் அண்ணாந்து நின்றார்கள். இரண்டு பேர் செல்போனை வேறு தூக்கிப் பிடித்திருந்தார்கள். இறங்கிப் போய், கொக்கிக்குச் சந்தனம் வைத்தேன், அடைத்துக்கொண்டது என்று சொல்வதா? முருங்கையை மறைத்த மனுஷன் அதைச் சொல்வாரா?

"என்னங்க, மாட்டியாச்சா?" என்றாள் சந்திரம்மாள்.

இலைக்குள் மறைந்து நின்ற ராசப்பன், கொக்கியை இடுப்பில் செருகிக்கொண்டு, நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி அடித்தார். டக்.

"சரியா கேட்கலை. இன்னொரு தரம்."

டக். முன்னதைவிட நன்றாகவே வந்தது. தனக்கு இப்படி ஒரு திறமை இருப்பதை நினைத்து மகிழ்ந்தபடி ராசப்பன் ஓர் அடி எடுத்து வைத்தார். வழுக்கிவிட்டது.

எப்படிப் பிடித்தார் என்று அவருக்கே தெரியாது. நினைவு வந்தபோது கிளைக்கு அடியில், கையும் காலும் பின்னி, வௌவாலாகத் தொங்கிக்கொண்டிருந்தார். செருகியிருந்த கொக்கி நழுவி, கயிறு மேல்கிளையைத் தாண்டி உருவிக்கொண்டு இறங்கி, சந்திரம்மாள் முகத்துக்கு நேரே வந்து ஊசலாடியது. சந்தனமும் குங்குமமும் கலையவே இல்லை.

"ஐயோ, ஏணி கொண்டு வாங்கோ!" என்று பீமராவ் கத்தினார். வந்தது பல்பு மாற்றுகிற ஏணி. பாதிக்குக்கூட எட்டவில்லை.

ராசப்பன் கிளையை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டார். பயம், சுத்தமான பயம். டீக்கடை, பேர், மானம் எல்லாம் போன இடம் தெரியவில்லை. "சந்திரா! மாட்டலைடீ! நாக்கால சத்தம் போட்டேன்! சந்தனம் அடைச்சுக்கிச்சு!" என்று ஊரறிய அலறினார்.

அவள் திட்டுவாள் என்று நினைத்தார். திட்டவில்லை. ஆடிக்கொண்டிருந்த கொக்கியைப் பிடித்து நிறுத்தி, ஒரு தரம் பார்த்தாள். தாலிக்கயிற்றில் கோத்து வைத்திருந்த ஊக்கைக் கழற்றி, கொக்கியின் வாய்க்குள் விட்டுக் குடைந்தாள். சந்தனம் துண்டு துண்டாக உதிர்ந்தது. கயிற்றின் மறு நுனி அவர் இடுப்பிலேயே இருந்ததால், அவள் சுரண்டுகிற ஒவ்வொரு சுரண்டலும் மேலே அவருக்குத் தெரிந்தது.

"இழுங்க."

ஒரு கையால் இழுத்தார். தொங்கிக்கொண்டிருந்த கிளையைச் சுற்றிக் கொக்கியைக் கொண்டுவந்து வளையத்தருகே வைத்தார்.

"வாயைத் திறங்க," என்றாள் கீழேயிருந்து.

"என்னது?"

"ஆன்னு திறங்க. திறந்து வெச்சுக்கிட்டே மாட்டுங்க."

பீமராவும் அக்கம்பக்கத்தாரும் இரண்டு செல்போன்களும் பார்த்துக்கொண்டிருக்க, ராசப்பன் பல் டாக்டரிடம் காட்டுவதுபோல வாயைப் பிளந்துகொண்டு மாட்டினார். டக்.

முடிச்சை நகர்த்தினார். கயிறு இறுகி அவரைத் தாங்கிக்கொண்டது. கை காலைத் தளர்த்திவிட்டுக் கீழே பார்த்தார். சந்திரம்மாள் ஊக்கைத் திரும்பவும் தாலியில் மாட்டப் பார்த்துக்கொண்டிருந்தாள். கை நடுக்கத்தில் அது பூட்டவில்லை. மறுபடி முயன்றாள், மறுபடியும் பூட்டவில்லை. ராசப்பன் திறந்த வாயை மூட மறந்து, அது பூட்டும்வரை மேலேயிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.