நம்பருக்கு நடுவில் ஒரு சைபர்

றிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோயிலில், வாகன பூசைக்கு என் புது மின்சாரக் காருடன் நின்றேன். முன்னால் தொப்பி போட்ட முதியவர் ஒருவரின் பழைய பிரெஞ்சுக் கார், மொடல் 203. ஐயர் சில்லுகளின் கீழ் எலுமிச்சம்பழம் வைத்தார். கார் ஸ்டார்ட் ஆகவில்லை.

“தள்ளுவமோ, அண்ணை?”

“தள்ளி நசிச்சால் பிள்ளையாருக்குச் செல்லாது. தானா ஏறவேணும்.” பொனட்டைத் தட்டினார். “கோப்பி அரைக்கிற மெசின் செய்த கொம்பனி, தம்பி. பிறகுதான் கார். நம்பருக்கு நடுவிலை ஏன் சைபர்? எஞ்சினை ஸ்டார்ட் பண்ணக் கம்பி விட்டுச் சுத்திற ஓட்டை உது!”

“அது கட்டுக்கதை எண்டு வாசிச்சனான்.”

“நீர் வாசியும். நான் சுத்திறன்.”

வளைந்த இரும்புக் கம்பியைக் காரின் முகப்பில் செருகிச் சுற்றினார். மூன்றாம் சுற்றில் கார் இருமி உயிர்பெற்றது; அவர் ஏறி ஓட்ட, பழங்கள் நசுங்கின.

அடுத்தது நான். பட்டனை அழுத்தினேன். சத்தம் கேட்காததால் அவர் கம்பியோடு ஓடிவந்து, என் காரின் முகப்பைத் தடவித் தடவி ஓட்டையைத் தேடினார். கார் ஏற்கெனவே ஸ்டார்ட் ஆகிவிட்டது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.