ஊசி போட்ட கை

என் வாய்க்கு எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் பயம். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

கணவர் திருவெறும்பூரில் தொழிற்சாலை வேலையிலிருந்து ஓய்வு பெற்ற வருடம், சர்க்கரையும் வீசிங்கும் இருப்பதால் வருடா வருடம் ஃப்ளூ ஊசி போட்டுக்கொள்ளச் சொன்னார் டாக்டர். முதல் ஊசி போட்ட அன்று சாயங்காலமே கை வலிக்கிறது என்றார். உடம்பும் லேசாகச் சுட்டது. மறுநாள் சட்டை மாட்டிவிட என்னைக் கூப்பிட்டார். முப்பது வருடம் வெல்டிங் செய்த மனிதர். முழங்கை வரை நெருப்புப் பொறி பட்ட தழும்புகள். அவர் ஒரு ஊசிக்கு முனகினால் சிரிப்பு வராதா? இரண்டு நாளில் அவருக்குச் சரியாகிவிட்டது. நான்தான் விடவில்லை.

அடுத்த வாரம் ஸ்ரீரங்கத்தில் அண்ணன் மகளுக்கு வளைகாப்பு. பந்தியில் முப்பது பேருக்கு முன்னால், அவர் கையைத் தாங்கிக்கொண்டு நடந்ததை நடித்துக் காட்டினேன்.

"நானே ரெண்டு தடவை சமயபுரத்துக்குத் தீச்சட்டி எடுத்திருக்கேன். அதுக்குக்கூட இப்படி முனகலை."

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவரும் சிரித்தார். பாயசம் வருவதற்குள் இலையை மூடிவிட்டு எழுந்து போனார். அதன் பிறகு எந்த விசேஷத்துக்குப் போனாலும், "என்ன அத்தான், கை எப்படி இருக்கு?" என்பதுதான் முதல் விசாரிப்பு.

அடுத்த வருடம் பாலக்கரையில் இருக்கும் ஆஸ்பத்திரிக்குத் தனியாகவே போய்வந்தார். "போட்டாச்சு" என்றார். நான் ஏதாவது சொல்வதற்குள் தண்ணீர் கேனை ஒரே தூக்காகத் தூக்கி மேடையில் வைத்தார்.

"பாத்துக்க, வலியே இல்லை."

மூன்றாம் நாள் காய்ச்சல் வந்தது. கூடவே இருமல்.

"என்னங்க, இந்தத் தடவை நாடகம் லேட்டா ஆரம்பிக்குது?" என்றேன்.

காய்ச்சல் இறங்கவேயில்லை. காய்ச்சல் வந்த நான்காவது நாள் கட்டிலில் உட்கார்ந்தபடி மூச்சு வாங்கினார். "டாக்டர்கிட்ட போலாமா?" என்று அவராகவே கேட்டார்.

"ஊசி போட்டா வர்ற காய்ச்சல்தானே, தானாப் போயிடும். இதுக்குப் போய் நின்னா அங்க இருக்குற நர்ஸ்கூடச் சிரிக்கும்."

ஏதோ சொல்ல வந்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்.

மறுநாள் உதடு கறுத்த பிறகுதான் ஆட்டோ வைத்தேன். ஆஸ்பத்திரியில் மாஸ்க் மாட்டினார்கள். போன வாரம் ஊசி போட்டதாகவும், அதனால் வந்த காய்ச்சல் என்றும் நான் சொன்னேன். டாக்டர் தலையை ஆட்டினார்.

"அது ஒண்ணு ரெண்டு நாள்ல போயிடும்மா. இந்த இருமலும் மூச்சிரைப்பும் ஊசியால வராது."

கணவர் மாஸ்க்கை விலக்கினார்.

"போடலை சார். வாசல் வரைக்கும் போயிட்டுத் திரும்பிட்டேன். கை வலிச்சா இவ ஊர் பூராச் சொல்லிச் சிரிப்பா."

அதை என்னைத் திட்டுவதற்காகச் சொல்லவில்லை. டாக்டர் கேட்கும் தகவலைச் சொல்வது போலத்தான் சொன்னார். ஃப்ளூ நுரையீரலுக்கு இறங்கி நிமோனியா ஆகிவிட்டது என்றார்கள். ஊசி போட்டிருந்தால் இவ்வளவு முற்றியிருக்காதா என்று கேட்டேன். உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் வாய்ப்பு இருந்தது என்றார் டாக்டர். மூன்று நாள் கழித்து என் கணவர் போய்விட்டார்.

துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் அதே பந்தியில் சிரித்தவர்கள். என்ன ஆச்சு, நல்லாத்தானே இருந்தார் என்று கேட்டார்கள். எப்போதும் பேசும் என் வாய் அன்றும் பேசியது.

"ஃப்ளூ ஊசி போட்டார். அது ஒத்துக்கலை."

எல்லோரும் நம்பினார்கள். என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். எனக்கு அப்போது நிம்மதியாக இருந்தது. அதை நினைத்தால் இன்றும் என் மேலேயே அருவருப்பு வருகிறது.

என் அண்ணனுக்கும் சர்க்கரை உண்டு. அவருக்கும் டாக்டர் அந்த ஊசியை எழுதிக் கொடுத்திருக்கிறார். போன வாரம் போன் செய்து, "மாப்பிள்ளைக்கு அப்படி ஆனதுலேருந்து எனக்குப் பயமா இருக்கும்மா. நான் போட்டுக்கப் போறதில்லை" என்றார்.

"உங்க இஷ்டம்ண்ணே" என்று சொல்லி போனை வைத்துவிட்டேன்.