ரேடியோ அறைச் சாவி

ஞானம்மாளுக்குக் கண்ணில் புரை விழுந்ததே தவிர, வாய்க்கு ஒரு குறையும் வரவில்லை. பட்டாபிராமுக்கு வடக்கே அந்தக் கிராமத்தில் அவளிடம் மாட்டியவர்களைக் கேட்டால் தெரியும்.

மகன் உத்தமன் எண்பத்தேழில் டி.வி. வாங்கினான். அவளுக்கு அதில் தெரிந்ததெல்லாம் மினுக் மினுக்கென்று ஒரு வெளிச்சம். செய்தி இந்தியில் வந்தது. தமிழில் வந்தபோது பிள்ளைகள் போட்ட கூச்சலில் கேட்கவில்லை. "முக்கியம்னா நான் சொல்றேம்மா" என்பான் உத்தமன். சொல்லிக் கிழித்தான். ஆவடியில் இலவசக் கண் ஆபரேஷன் முகாம் நடந்து முடிந்த பிறகு, சோறு தின்றுகொண்டே, "அட, உன்ன இட்டுகினு போயிருக்கலாம், மறந்துட்டேன்" என்றான். இன்னும் ஒரு வருஷம் இருட்டில் கிடக்க வேண்டும், இவன் மறந்துவிட்டானாம்.

அடுத்த முகாமைத் தானே தெரிந்துகொள்வது என்று பஞ்சாயத்து ஆபீசுக்குப் போனாள். அங்கே கூரைமேல் ஸ்பீக்கர் கட்டி, ஊருக்கே செய்தி கேட்கிற மாதிரி ஒரு ரேடியோ அறை இருந்தது. டி.வி. வந்தபின் அதைப் பூட்டிவிட்டார்கள்.

"சாவி தலைவராண்ட கீது பெரீம்மா. அவரு ஊர்ல இல்ல" என்றான் கிளார்க் பரந்தாமன். "உனக்கு ஒருத்திக்கோசரம் ரேடியோ போடணுமா?"

"ஆமாடா, எனக்கு ஒருத்திக்கோசரந்தான். நான் இந்த ஊரு இல்லியா?"

எத்தனை முறை போனாலும் சாவி தலைவரிடமே இருந்தது. கடைசியில் ரயில்வே கேட்டருகே கலியமூர்த்தியின் டீக்கடைக்குப் போய், ஆம்பளைகள் மட்டும் உட்காரும் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"பார்சல் வாங்கிக்கினு போயேன் பெரீம்மா" என்று கலியமூர்த்தி நெளிந்தான்.

"உன் டீ யாருக்கு வேணும்? செய்திக்கு வந்துகீறேன். ரேடியோவ சத்தமா வை."

தினமும் போனாள். "மானம் போவுதும்மா" என்றான் மகன்.

"எங்கண்ணு போறப்ப எங்கடா இருந்துச்சு உன் மானம்?"

மழைக்காலம் முடிந்து ஒரு சாயங்காலம், செய்திக்குப் பிறகு முகாம் அறிவிப்பு வந்தது. வீட்டுக்கு வந்தவள் யாரிடமும் யோசனை கேட்கவில்லை. "நாளைக்கு ஆவடிக்குப் போறேன். வர்றதுன்னா வா" என்றாள். உத்தமன் கூடப் போனான்.

ஆபரேஷனுக்குப் பிறகு போட்ட கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிய அன்று நேரே பஞ்சாயத்து ஆபீசுக்கு நடந்தாள். பரந்தாமன் தலையைக்கூடத் தூக்கவில்லை.

"சாவி தலைவராண்ட கீது பெரீம்மா."

ஞானம்மாள் சுவரைப் பார்த்தாள். அவன் தலைக்கு மேலே, காலண்டர் பக்கத்து ஆணியில், மரத்துண்டு கட்டிய சாவி தொங்கியது. ரேடியோ அறைச் சாவிதான். பழைய நாளில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறாள். கண் தெரியாதவள்தானே என்று இத்தனை நாளும் முகத்துக்கு நேரே பொய் சொல்லியிருக்கிறான். ஆத்திரத்தோடு எட்டிச் சாவியை எடுத்தாள், பூட்டைத் திறந்தாள், தூசி படிந்த ரேடியோவைத் திருகினாள். கூரைமேல் ஸ்பீக்கர் கரகரத்துப் பிறகு பேசத் தொடங்கியது.

பரந்தாமன் பின்னாலேயே ஓடிவந்தான். "சாவியக் குடு பெரீம்மா. தலைவர் கேட்டா நான் இன்னா சொல்றது?"

அவள் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"ஞானம்மாவாண்ட கீதுன்னு சொல்லு."