வால்யூம் இரண்டு

என் முட்டாள்தனத்தை நானே சொல்லிவிடுகிறேன். மற்றவர் சொல்லிக் கேட்டால் கூடுதலாகத் தெரியும். வீட்டு ஸ்டீரியோவில் சத்தம் பத்தவில்லை என்று போன மாதம் சத்தத்தைப் பெருக்கித் தரும் ப்ரீஆம்ப்ளிஃபயர் பெட்டி ஒன்று வாங்கிவந்தேன். சத்தத்தைக் கூட்டுவதற்கென்றே ஸ்டீரியோவின் நெற்றியில் ஒரு குமிழ் இருக்கிறது. அதைத் திருப்பிப் பார்க்கவில்லை.

இணைத்துக் கொடுக்கத் திருவள்ளூரிலிருந்து வந்த மெக்கானிக் குமிழையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார்.

“இன்னா சார், ரெண்டுல வெச்சிக்கினு கேக்குறீங்க? பத்து வரிக்கும் இருக்குதே!”

“அதுக்கு மேல வெக்கிறது இல்லப்பா.”

“ஏன், ஊட்ல யார்னா தூங்குறாங்களா?”

காலை பதினோரு மணி. “தூங்குமூஞ்சி எதிர்லதான் நிக்குது, பாத்துக்கோ” என்றாள் என் மனைவி, சமையலறையிலிருந்து.

பழைய ரெக்கார்டு பிளேயர் என்றால் அதிலிருந்து வரும் சத்தம் சன்னமானது, அதற்குத்தான் இந்தப் பெட்டி வேண்டும், போனிலிருந்து பாட்டுப் போடுகிறவருக்கு எதற்கு என்று விளக்கிவிட்டு அவர் கிளம்பினார். பெட்டியைத் திரும்ப மூடும்போது புதுத் தெர்மாகோல் வாசனை மூக்கில் ஏறியது. அதே வாசனை. பல வருடங்களுக்கு முன் வேலைக்காகத் தங்கியிருந்த கும்மிடிப்பூண்டி அறை.

தகரக் கூரை போட்ட ஒற்றை அறையில் நாங்கள் மூன்று பேர். நான், பள்ளிப்பட்டுப் பக்கத்து ராகவுலு, பழவேற்காட்டு மீன்பிடிக் குடும்பத்துத் தண்டபாணி. மூவரும் பங்கு போட்டு, தெர்மாகோல் பிரிக்காத புது ஸ்டீரியோ ஒன்று வாங்கினோம். எனக்கும் ராகவுலுவுக்கும் மதிய ஷிப்ட். தண்டபாணிக்கு எப்போதும் நைட். காலையில் வந்து நாஷ்டா முடித்து, முகத்தில் லுங்கியைப் போர்த்திப் படுத்துவிடுவான்.

அவன் இரும்பு உருக்கும் ஆலையில் கிரேன் ஓட்டினான். கொதிக்கிற இரும்புக் குழம்பை ஆட்களின் தலைக்கு மேலே கொண்டுபோகிற கிரேன். அவன் கண் ஒரு நொடி அசந்தால் கீழே நிற்பவனுக்கு எலும்பும் மிஞ்சாது. அதனால் அவன் தூக்கத்துக்கு நாங்கள் இருவரும் காவல். நானே நியமித்துக்கொண்ட பதவி அது, சம்பளம் கிடையாது.

ஆகவே வால்யூம் இரண்டு. அந்தச் சத்தத்தில் பாட்டுக் கேட்க ஒரே வழி, ஸ்பீக்கரில் காதை ஒட்டவைப்பது. இடது பெட்டிக்கு நான், வலதுக்கு ராகவுலு. எனக்கு வயலின் வரும், அவனுக்குத் தபேலா போகும். பல வருடம் கழித்து ஒரு கல்யாணக் கச்சேரியில் எனக்குப் பிடித்த பாட்டைக் கேட்டு, “இதில் தபேலா எப்போது சேர்த்தார்கள்?” என்று பக்கத்திலிருந்தவரைக் கேட்டிருக்கிறேன். அவர் நாற்காலியை மாற்றிக்கொண்டார்.

ராகவுலு சில நாள் கெஞ்சுவான். “நைனா, ஒரே ஒரு பாட்டு. மூணுல வெக்கலாமா?”

“கீய நிக்கிறவன் பொண்டாட்டி புள்ளைங்கள நெனச்சிப் பார்றா.”

தண்டபாணி லேசாகப் புரண்டு படுத்தாலே போதும், ராகவுலு கால் கட்டைவிரலால் சுவிட்சை அணைத்துவிடுவான். பாட்டு பாதியில் நிற்கும். இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். அவன் அசையவில்லை என்று உறுதியான பிறகு மறுபடி போடுவோம். யாருக்கும் தெரியாமல் பெரிய தர்மம் செய்கிற பெருமை எனக்கு.

அந்த அறை இருந்த இடத்தில் இப்போது கண்டெய்னர் லாரிகள் நிற்கின்றன. ராகவுலு ஊருக்குப் போய்க் கரும்பு போடுகிறான் என்று யாரோ சொன்னார்கள், நம்பர் கிடைக்கவில்லை. கிரேனைக்கூடக் கீழே நின்று ரிமோட்டில் ஓட்டுகிறார்களாம். தண்டபாணி மட்டும் அத்திப்பட்டில் வேலையாக இருக்கிறான். மெக்கானிக் போன கையோடு அவனைப் போனில் அழைத்து, உன் தூக்கத்தைக் காத்த பழக்கத்தில் இன்றைக்கு நான் ஏமாந்ததைக் கேள் என்று பெருமையும் வெட்கமுமாகச் சொன்னேன்.

அவன் சொன்னான்:

“எவன்டா தூங்கினான்? நீங்க ரெண்டு பேரும் வேலைக்குக் கெளம்பனப்புறம்தான் எனுக்குத் தூக்கம் வரும். அது வரிக்கும் பாட்டுதான் கேட்டுக்கினு இருந்தேன். பொரண்டு படுத்தா நிறுத்திடுறீங்களேன்னு, முதுகு வலிச்சாலும் அசையாம கெடப்பேன். அதுலயும் நீங்க வெக்கிற சத்தத்துல பாதி காதுல உழாது. நானுந்தானடா பங்கு போட்டேன். ஒரு தபா, ஒரே ஒரு தபா, என்னக் கேட்டியா?”