எட்டுக்கு நாற்பத்திரண்டு

புது றப்பரின் மணம். ஜெர்மனியின் பான் நகரத்தில் மழைக்கு ஒரு சைக்கிள் கடை வாசலில் ஒதுங்கியபோது அது வந்து முகத்தில் மோதியது. உடனே எனக்குப் பதினொரு வயதாகிவிட்டது. நான் வளர்ந்த கெல்சென்கிர்ச்சன் நகரம் வந்துவிட்டது, என் தோளில் மாமாவின் கை வந்துவிட்டது. வீடு மாறி, ஊர் மாறித் திரிகிறவள் நான். எதையும் நெடுநாள் வைத்திருந்ததில்லை. இந்த மணத்தை மட்டும் எந்தப் பெட்டியில் கொண்டு திரிகிறேனோ.

மாமா, அம்மாவின் தம்பி, அப்போது எங்களோடு இருந்தார். இரும்புக்குத் துத்தநாகம் பூசும் தொழிற்சாலையில் வேலை. அங்கே மேற்பார்வையாளராக இருந்த வயதான ஜெர்மன்காரரை எல்லோரும் மைஸ்டர் என்பார்கள். மைஸ்டருக்கு வேட்டைப் பைத்தியம். ஞாயிற்றுக்கிழமைகளில் மாமாவையும் காட்டுக்குக் கூட்டிப்போவார். பட்டப்பகலில், எதிர்ச் சரிவில், இரண்டு மரங்களுக்கு நடுவே தெரியும் ஒரு மானின் காதைக் கண்டுபிடிக்க மாமாவைப் போல ஆள் இல்லையாம். அந்தக் கண்களுக்காகவே, அமெரிக்காவின் மேற்கு மலைகளுக்கு எல்க் மான் வேட்டையாடத் தாம் போகவிருந்த பயணத்தில் மாமாவையும் சேர்த்துக்கொண்டார். துவக்கு மைஸ்டருடையது, பார்வை மாமாவுடையது என்று ஒப்பந்தம். விமானச் சீட்டும் மைஸ்டர் பொறுப்பு. பைனாகுலர் மட்டும் அவரவர் கொண்டுவர வேண்டும். மலையில் அதை இரவல் கேட்பது, அடுத்தவரின் பல்தூரிகையை இரவல் கேட்பது போலவாம்.

“துவக்குப் பிடிக்கத் தெரியாதவனை வேட்டைக்குக் கூட்டிக்கொண்டு போற மைஸ்டரைத்தான் முதலிலை டொக்டரிட்டைக் காட்டவேணும்” என்றார் அம்மா.

மாமா சிரித்தார். அகதிகளுக்கான நீலப் பயணப்புத்தகத்தில் அமெரிக்க விசா ஒட்டப்பட்டு வந்த நாளிலிருந்து அவர் எதற்கும் சிரித்தார். அதுவரை அவர் கடந்த எல்லைகள் எல்லாம் யாரோ துரத்தக் கடந்தவை. ஆசைப்பட்டுக் கடக்கப்போகும் முதல் எல்லை இதுதான்.

தொழிற்சாலையில் கேட்டுப் பழகிய ஜெர்மன் மாமாவுக்குக் கொஞ்சம் விளங்கும், பேச வராது. ஜெர்மன் பேச வேண்டிய இடங்களுக்கெல்லாம் என்னைத்தான் கூட்டிப்போவார்கள். டெர்மின் என்கிற சந்திப்பு நேரம் எடுக்க, அன்ட்ராக் என்கிற விண்ணப்பம் நிரப்ப, பல் பிடுங்க. பைனாகுலர் வாங்கவும் நான்தான். ட்ராமில் மாமா எனக்குச் சட்டம் சொன்னார்.

“கேள் பிள்ளை. கூடின விலையிலை வித்துப்போடக் கடைக்காரர் நூறு கதை சொல்லுவினம். எல்லாத்தையும் கொண்டுவந்து என்ரை தலையிலை கொட்டாதை. தேவையானதை மட்டும் சொல்லு.”

“எது தேவையானது எண்டு எனக்கெப்பிடித் தெரியும்?”

“நீ கெட்டிக்காரியெல்லோ.”

கடையில் ஒரு வயதான பெண்மணி, கழுத்துச் சங்கிலியில் மூக்குக்கண்ணாடியைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றார். எல்க் வேட்டை, முன்னூறு மார்க்குக்குள் என்று நான் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. அதனாலேயே எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. மாமாவுக்குப் பிடித்ததோ கண்ணாடி மேசையில் மினுங்கிக்கொண்டிருந்த ஒன்று: திருகத் திருக ஏழு மடங்கிலிருந்து இருபத்தொரு மடங்கு வரை கிட்டக் கொண்டுவருவது.

“சந்திரனிலை ஆள் நிண்டாலும் தெரியும் போலை கிடக்கு.”

அந்தப் பெண்மணி அதை மெல்ல ஒதுக்கி வைத்தார். இரண்டு எண்களைப் பாருங்கள் என்றார். முதல் எண் எத்தனை மடங்கு என்பது; இரண்டாவது, முன்கண்ணாடி எவ்வளவு அகலம் என்பது. பெரிய மான்கள் விடியலிலும் அந்தியிலும்தான் வெளியே வரும், அப்போது கிட்டப் பார்ப்பதைவிட வெளிச்சத்தை அள்ளுவதே முக்கியம். மடங்கு கூடினால் கை நடுக்கமும் கூடும். ஆகவே எட்டு மடங்கு, நாற்பத்திரண்டு மில்லிமீற்றர். நேர்க்குழாய் வடிவம் நாகரிகமானது, ஆனால் இந்த விலைக்கு வருவதெல்லாம் மங்கல். தோள் அகன்ற பழைய வடிவத்தை எடுங்கள். இதெல்லாம் தேவையானது என்று முடிவுசெய்து ஒன்று விடாமல் மொழிபெயர்த்தேன். எனக்கு அன்று அளவில்லாத பெருமை.

ஆகஸ்ட் மாதம். அந்தி வர இரவு ஒன்பதாகும். கடை ஆறரைக்குப் பூட்டிவிடும். “அந்தி வேண்டுமென்றால் கீழே வாருங்கள்” என்றார் அவர். நிலவறையில் ஒரு நீண்ட, ஒடுங்கிய நடைவழி. மண்ணிறத் தாள் சுற்றிய ஒற்றைக் குமிழ் விளக்கு. நடைவழியின் முடிவில் எண்கள் எழுதிய ஒரு மட்டை. வேட்டைக்காரர்களுக்கு அவர் விற்கும் முறை இதுதான். படியடியில் கிடந்த பெட்டியொன்றில் மாமா முழங்காலை இடித்துக்கொண்டு, தன்னையே நொந்து சிரித்தார்.

முதலில் நான் பார்த்தேன். ஐந்து, எட்டு, மூன்று. பிறகு மாமா.

அவர் நெடுநேரம் பார்த்தார். சக்கரத்தை இந்தப் பக்கம் திருகினார், அந்தப் பக்கம் திருகினார். பெண்மணி இன்னொன்றைக் கொடுத்தார். பிறகு, கேட்காமலே, அலுமாரியில் பூட்டி வைத்திருந்த, மாமாவின் இரண்டு மாதச் சம்பளம் பெறக்கூடிய ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார்.

“இதிலையும் கொஞ்சம் மங்கல்தான்” என்றார் மாமா, பெரிய மனுசத் தோரணையில்.

அவர் பார்த்துக்கொண்டிருந்த திசையில் மட்டை இல்லை.

நான் அதைப் பகிடி என்று நினைத்தேன். பெண்மணி நினைக்கவில்லை. குனிந்து, என் முகத்துக்கு நேரே, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்: “கண்ணாடியில் பிழை இல்லை. உன் மாமா கண் வைத்தியரிடம் போக வேண்டும். இந்த வாரமே, மலைக்குப் போகும் முன். சொல்கிறாயா?”

“என்னவாம்?” என்றார் மாமா.

அவர் முகத்தைப் பார்த்தேன். இன்னும் பத்து நாள்தான் இருந்தது. இதைச் சொன்னால் அந்த நீலப் புத்தகம் மறுபடி மேசை லாச்சிக்குள் போய்விடும் என்று எனக்குத் தெரிந்தது, வேறொன்றும் தெரியவில்லை.

“இந்த இருட்டிலை ஒருத்தருக்கும் தெரியாதாம், மாமா.”

பெண்மணிக்குத் தமிழ் தெரியாது. நான் சொல்லிவிட்டேன் என்று நம்பி, ஆறுதலாகத் தலையசைத்தார். எத்தனையோ வீடுகள் மாறியும் அந்தத் தலையசைப்பிலிருந்து நான் இன்னும் குடிபெயரவில்லை.

எட்டுக்கு நாற்பத்திரண்டு வாங்கினோம். கண் வைக்கும் இடத்துக் கறுப்பு றப்பரை ட்ராம் முழுக்க மோந்துகொண்டு வந்தேன். ட்ராம் வந்து நின்ற நிலத்தடி நிலையத்துப் படிகளில் மாமா என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தார். அன்பு என்று நினைத்து நிமிர்ந்து நடந்தேன். ஒரு பெரிய ரகசியத்தை உலகத்தில் நான் ஒருத்தியே சுமப்பதாகவும் நினைத்துக்கொண்டேன்.

பிறகு தெரியவந்தது, பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கிக்கொண்டு வருகிற நோய். முதலில் இருட்டை எடுக்கும், பிறகு பக்கங்களை, கடைசியில் நடுவை. அந்த வாரமே போயிருந்தாலும் மறித்திருக்க ஏலாது என்று வைத்தியர்கள் சொன்னார்கள். அம்மாவுக்கும் சொன்னார்கள், எனக்கும் சொன்னார்கள். அந்த மலையில் ஒரு நடுப்பகலில், மைஸ்டருக்கு முன்னே, எதிர்ச் சரிவில் நின்ற பதினொரு எல்க் மான்களை மாமா கண்டார். அவற்றின் கொம்புகளை இன்றைக்கும் அவர் கையால் காற்றில் வரைந்து காட்டுவார்.

அந்த மலைக்குப் புறப்பட்ட காலை மைஸ்டரின் கார் வாசலில் உறுமிக்கொண்டு நின்றது. அம்மா மிளகாய்த்தூள் பொட்டலத்தோடு பெட்டியைத் திறக்க முடியாமல் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். மாமா என் உயரத்துக்குக் குந்தினார். கழுத்தில் பைனாகுலர். அம்மா திரும்பவில்லை என்று பார்த்துக்கொண்டு, என் காதருகே மெல்லச் சொன்னார்:

“அந்த மனிசி சொன்ன கண் டொக்டர் கதையை அம்மாட்டைச் சொல்லிப்போடாதை, குஞ்சு. நான் போட்டு வாறன்.”